ஓட்டை வாளி

நம்ம சினிமாவில் கத்திக்குத்து என்றால் அடுத்த ஷாட்டே சலைன் பாட்டில்தான். நானும் அதுதான் சரி என்று நம்பியிருந்தேன்.

அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரில் 1989 முதல் 1992 வரை 598 பேரிடம் சோதித்தார்கள். உடம்பில் குண்டோ கத்தியோ பாய்ந்து, ரத்த அழுத்தம் 90-ஐத் தாண்டாதவர்கள். உடனே சலைன் ஏற்றியதில் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வரை ஏற்றாமல் வைத்திருந்ததில் 70 சதவீதம்!

ஏனாம்? அழுத்தம் ஏறினால் ஓட்டையை அடைத்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும். மிச்ச ரத்தமும் நீர்த்துப்போகும். பி.காம். பாஷையில் சொன்னால், செலவை அடைக்காமல் கடன் வாங்கினால் கம்பெனி திவால்.

அந்த நூற்றுக்கு எட்டு வெறும் நம்பர் இல்லை ஸார், எட்டு வீடு.

செருகிய கத்தியைப் பிடுங்காதீர்கள். ரத்தம் கொட்டினால் துணியால் அழுத்திப் பிடித்து, சர்ஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பக்கத்துக் கடை சோடாவா? அதை நீங்களே குடியுங்கள்!