கியூஆர் கோடு பிறந்தது ஜப்பானில், ஓடியது வேறு ஊரில்: ஒரு நாடு டெக்னாலஜியில் 'ஃபாஸ்ட்' ஆவது எப்படி?

டீக்கடை கல்லா, பூக்காரம்மாவின் கூடை, இளநீர் வண்டி என்று எங்கே பார்த்தாலும் ஒட்டியிருக்கிறதே அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம், கியூஆர் கோடு, அது பிறந்தது ஜப்பானில். 1994-ல் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்வதற்காக அதை உருவாக்கியது. ஆனால், அதே சதுரத்தை ஸ்கேன் பண்ணி கடையில் காசு கொடுக்கும் பழக்கம் ஜப்பானில் சூடுபிடிக்க 2018 வரை ஆனது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 'பேபே' என்ற ஆப்தான் அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனது. அந்த ஆப்புக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது யார் தெரியுமா? நம்ம ஊர் பேடிஎம்.

இந்தத் தகவலைக் கேட்டதும் "பாத்தீங்களா, ஜப்பானையே முந்திட்டோம்" என்று காலரைத் தூக்கிவிடத் தோன்றும். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது. அதே வாட்ஸ்அப்பில் மறுநாளே, "நாம வெளிநாட்டைவிட இருபது வருஷம் பின்தங்கியிருக்கோம்" என்றும் ஒரு ஃபார்வர்டு வரும். இரண்டுமே ஒரே தப்பான அளவுகோலில் அளக்கின்றன என்பதுதான் என் கருத்து. ஒரு நாடு புது டெக்னாலஜியை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது என்பது அந்த ஊர் மக்களின் புத்திசாலித்தனத்தைக் காட்டுவதே இல்லை. அங்கே ஏற்கெனவே என்ன இருந்தது, செலவு யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது.

நல்ல பழசு இருந்தால் புதுசு லேட்டாகும்

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். 1999 பிப்ரவரியில் டோகோமோ நிறுவனம் 'ஐ-மோட்' சேவையைத் தொடங்கி, சாதாரண மடக்கு போனிலேயே இமெயில், செய்தி, டிக்கெட் புக்கிங் எல்லாம் கொடுத்துவிட்டது. ஐபோன் வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது. 2001-ல் டோக்கியோ ரயில்களுக்கு 'சுய்கா' என்ற தொட்டால் போதும் கார்டு வந்தது. 2004-ல் அந்த வசதி போனுக்குள்ளேயே நுழைந்தது. இப்படிப்பட்ட நாட்டை 'ஸ்லோ' என்று எப்படிச் சொல்வது?

பிரச்சினை என்னவென்றால், அந்த ஏற்பாடு ரொம்ப நன்றாக வேலை செய்தது. ரயில் கேட்டில் கார்டைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். அப்படி இருக்கும்போது போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, கேமராவைக் காட்டுவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆனால், கார்டு படிக்கும் மெஷினுக்கு ஒரு விலை உண்டு. சின்ன ராமன் கடைக்காரருக்கு (நூடுல்ஸ் கடைங்க, நம்ம ராமன் இல்ல) அது கட்டுப்படியாகாது. அவர் ரொக்கத்திலேயே இருந்துவிட்டார். காகிதத்தில் அச்சடித்த கியூஆர் கோடு அந்தக் கடைக்குள்தான் நுழைந்தது. பேபே 2018 டிசம்பரில் வாடிக்கையாளர்களுக்கு மொத்தம் 1,000 கோடி யென் திருப்பித் தருவதாக ஆஃபர் போட்டது. அது பத்தே நாளில் காலி. 2019 அக்டோபரில் விற்பனை வரியை 8-லிருந்து 10 சதவீதமாக உயர்த்தியபோது, ரொக்கமில்லாமல் வாங்குபவர்களுக்கு அரசே பாயின்ட் கொடுத்தது. அப்படியெல்லாம் தள்ளித் தள்ளித்தான் 2024-ல் ரொக்கமில்லாப் பணம் செலுத்தும் விகிதம் 42.8 சதவீதத்துக்கு வந்தது.

அமெரிக்கா கதையும் இப்படித்தான். 1992 வாக்கிலேயே பிரான்ஸின் வங்கிக் கார்டுகளில் சிப் வந்துவிட்டது. அமெரிக்கக் கடைகள் அதற்கு மாற 2015 அக்டோபர் வரை ஆனது. அதுவும், சிப் மெஷின் வைக்காத கடையில் மோசடி நடந்தால் நஷ்டம் கடைக்காரர் தலையில் என்று கார்டு நிறுவனங்கள் விதியை மாற்றிய பிறகுதான். அதுவரை காந்தப் பட்டையைத் தேய்ப்பதே போதுமானதாக இருந்தது. மாற்றுவதற்கான செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் யார்தான் அசைவார்கள்?

ஒரே சேவை, மூன்று நாடுகள்

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து எம்-பெசாவைவிட நல்ல உதாரணம் இல்லை. கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் தொடங்கிய சேவை. 'பெசா' என்றால் சுவாஹிலியில் பணம், நம்ம 'பைசா' மாதிரியே ஒலிக்கும். இன்டர்நெட் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் போனில் மெனுவைத் திறந்து, நம்பரைப் போட்டு, தொகையைப் போட்டு, பின் நம்பரை அழுத்தினால் போதும், எதிராளியின் போனுக்குப் பணம் போய்விடும். அவர் பக்கத்துப் பெட்டிக்கடையில் எஸ்எம்எஸ்ஸையும் அடையாள அட்டையையும் காட்டி நோட்டாக வாங்கிக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், இது அதற்காக உருவாக்கப்பட்டதே இல்லை. பிரிட்டன் அரசின் நிதியுதவியோடு வோடஃபோன் இதை வடிவமைத்தது சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கட்டுவதற்காக. 2005-ல் சோதனை ஓட்டம் விட்டபோது, ஜனங்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்துவது தெரியவந்தது. நிறுவனமும் வழிக்கு வந்து, 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்க' என்றே விளம்பரம் செய்தது.

ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது? நைரோபியில் வேலை பார்ப்பவர், கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப அதுவரை என்ன வழி இருந்தது? கவரில் போட்டு ஊருக்குப் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தபால் நிலையம். வங்கிக் கிளை என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத தூரம். பழைய வழி அவ்வளவு மோசமாக இருந்ததால் புதிய வழிக்குப் பிரச்சாரமே தேவைப்படவில்லை. கூடவே இன்னும் இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. நாட்டில் மொபைல் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் சஃபாரிகாம் வாடிக்கையாளர்கள். கென்ய மத்திய வங்கியும் முதலில் விதி எழுதிவிட்டு அனுமதி தருகிறேன் என்று இழுத்தடிக்காமல், நடக்கட்டும், கண்காணிப்போம் என்று விட்டது.

இப்போது அதே எம்-பெசாவைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2010-ல் வோடகாம் தொடங்கியது. கென்யாவைவிடப் பணக்கார நாடு, மொபைல் இல்லாத வீடு குறைவு. மூன்று வருஷத்தில் ஒரு கோடி வாடிக்கையாளர்கள் என்பது இலக்கு. 2016 ஜூனில் கடையை மூடியபோது தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஜனங்களுக்குப் புரியவில்லையா? புரிந்தது, தேவைப்படவில்லை. வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் அங்கே அதிகம். அரசு உதவித்தொகையே கார்டில் வந்தது. சூப்பர் மார்க்கெட் கவுன்டரிலேயே ஊருக்குப் பணம் அனுப்பலாம். அந்தக் கவுன்டரைவிட எம்-பெசா எதில் ஒசத்தி என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இந்தியாவுக்கும் வந்தது தெரியுமா? 2013-ல் வோடஃபோன், ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து எம்-பெசாவைத் தொடங்கி 2019-ல் நிறுத்திக்கொண்டது. நம்மில் பாதிப் பேருக்கு அது வந்துபோனதே தெரியாது. கென்யாவில் மத்திய வங்கி ஒதுங்கி நின்றது. இங்கே டெலிகாம் நிறுவனம் வங்கியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் யுபிஐ வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டது.

ஆக, ஒரே மெனு, ஒரே குழும நிறுவனம். ஒரு நாட்டில் வாழ்க்கையின் பகுதி, இன்னொரு நாட்டில் தோல்வி, மூன்றாவதில் ஞாபகமே இல்லை.

நாம ஃபாஸ்ட் ஆனது எப்படி?

1995 ஜூலை 31-ல் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியதுதான் இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. அப்போது ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆகும். வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. அந்த விலையில் போன் என்பது காட்டிக்கொள்ளும் பொருள், அவ்வளவுதான். அப்புறம் 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, நிறுவனங்கள் மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்த உரிமக் கட்டணம் வருவாயில் பங்கு என்று மாறியது. 2003-ல் இன்கமிங் இலவசமானது. கட்டணமும் மடமடவென்று சரிந்தது. அதே ஆண்டு டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. இன்கமிங் இலவசம் என்றதும் நம்ம ஜனங்கள் கண்டுபிடித்ததுதான் மிஸ்டு கால். 'வந்து சேர்ந்துட்டேன்' என்பதற்கு ஒரு ரிங், 'நீ கூப்பிடு' என்பதற்கு இரண்டு ரிங். எந்த நிறுவனமும் இதைச் சொல்லித்தரவில்லை.

டேட்டாவிலும் அதேதான். 2016 செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு இறங்கும் வரை, போனில் வீடியோ பார்ப்பது என்பது பேலன்ஸைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் காரியம். அதே வருஷம் ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது, நவம்பரில் பணமதிப்பிழப்பு நடந்தது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ வழியாக வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது. கடைக்காரருக்கு மெஷின் செலவும் இல்லை, கமிஷனும் இல்லை என்ற பிறகு அவர் ஏன் வேண்டாம் என்பார்? 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின.

பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால், கிரெடிட் கார்டும் செக் புக்கும் எல்லார் வீட்டிலும் இருந்திருந்தால் இந்த வேகம் வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் தாண்டிக் குதித்தது, நடுவில் படி இல்லாததால்.

2,000 கோடியில் யார் யார் இருக்கிறார்கள்?

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அந்த 2,000 கோடி, எத்தனை முறை பணம் கைமாறியது என்பதன் கணக்கு. எத்தனை மனிதர்கள் என்பதன் கணக்கு இல்லை. ஒரே ஆள் ஒரு நாளைக்குப் பத்து முறை ஸ்கேன் செய்தால் பத்து. ஒரு முறைகூடச் செய்யாத அவருடைய அம்மா அந்தக் கணக்கிலேயே இல்லை.

மொபைல் கணக்கும் அப்படித்தான். சிம் எண்ணிக்கையைப் பார்த்தால் நாட்டில் எல்லார் கையிலும் போன் இருப்பதுபோலத் தெரியும். ஆனால், 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம், 'நீங்களே பயன்படுத்தும் மொபைல் இருக்கிறதா?' என்று கேட்டபோது ஆமாம் என்றவர்கள் சுமார் 54 சதவீதம்தான். 'வீட்டில் போன் இருக்கிறது' என்பதும் 'எனக்குப் போன் இருக்கிறது' என்பதும் ஒன்றில்லை. பல வீடுகளில் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வரும் ஓடிபி, அப்பாவின் போனுக்கோ மகனின் போனுக்கோதான் போகும். அவர் வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2021 மே மாதம் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு கொரோனா தடுப்பூசி போட கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். தளம் ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஸ்மார்ட்போனும் நல்ல சிக்னலும் இருந்தவர்கள் நொடியில் ஸ்லாட்டைப் பிடித்தார்கள். கிராமத்தில் இருப்பவர் எப்படிப் பதிவு செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டிவந்தது. பிறகு நேரில் வந்தும் பதியலாம் என்று தளர்த்தினார்கள். நாடு ஃபாஸ்ட்டாக இருந்த அதே வாரங்களில், வரிசையில் நிற்கக்கூட இடம் கிடைக்காத ஒரு கூட்டம் இருந்தது.

பழைய வழியை மூடும்போது

பிரிட்டனில் 2009 டிசம்பரில், இனி 2018-க்குள் செக் முறையையே நிறுத்திவிடலாம் என்று அங்குள்ள பணப்பரிவர்த்தனை கவுன்சில் முடிவெடுத்தது. கார்டு இருக்கிறது, ஆன்லைன் இருக்கிறது, செக் எதற்கு? வயதானவர்களும் தொண்டு அமைப்புகளும் பிடித்த சண்டையில், 2011 ஜூலையில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ரொக்கத்தை ஏறக்குறைய மறந்தேவிட்ட ஸ்வீடன், பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டது. இவர்களை யாரும் பின்தங்கிய நாடுகள் என்று சொல்வதில்லை.

நம்ம ஊரிலும் நல்ல முயற்சி இல்லாமல் இல்லை. பட்டன் போனிலேயே யுபிஐ செய்ய 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி '123பே' என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. ஐவிஆர் குரலைக் கேட்டு நம்பரை அழுத்தினால் போதும், கிட்டத்தட்ட கென்யாவின் அந்தப் பழைய மெனுவுக்குப் பங்காளி. அதற்கான விளம்பரத்தை நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாறாக, 2025-ல் ரயில்வே தட்கல் விதிகளை மாற்றியது. ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்ப்பு. புரோக்கர்களும் சாஃப்ட்வேர்களும் டிக்கெட்டை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க அது தேவைதான். ஆனால், கவுன்டரில் போய் எடுத்தாலும் மொபைலுக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. விடியற்காலையிலேயே போய் ஸ்டேஷன் வரிசையில் நிற்பவர்களில் பலர், போனில் புக் பண்ணத் தெரியாததால் அல்லது சொந்தமாகப் போன் இல்லாததால் அங்கே நிற்கிறார்கள். அவர்களிடமே போன் கேட்டால் எங்கே போவார்கள்? பக்கத்தில் நிற்பவரின் நம்பரைக் கடன் வாங்குவார்கள், இல்லையென்றால் அதே புரோக்கரிடம் போவார்கள். ஆதார் அட்டையைக் கவுன்டரில் காட்டினால் போதும், ஓடிபி வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்ப்பதற்கு ரயில்வேக்குப் புதிதாக எந்த டெக்னாலஜியும் தேவையில்லை.