பழம்பதியும் பழநண்பரும்

மக்கள் பிறந்த ஊரிலேயே வளர்ந்து, அவ்வூரிலேயே முதிர்ந்து, அவ்வூர் மண்ணிலேயே மறைந்த காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தார்க்குப் பழைய ஊரைக் காணச் செல்லுதல் என்பதொரு செயலே இல்லை. இக்காலத்திலோ கல்வியின் பொருட்டும், தொழிலின் பொருட்டும், மணத்தின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் பெயர்தல் பெரும்பாலார்க்கு இயல்பாயிற்று. அங்ஙனம் பெயர்ந்தவர் தாம் விட்டுவந்த ஊரையும், அங்குத் தம்மோடு விளையாடியும் உடன்பயின்றும் வளர்ந்த நண்பரையும் மீண்டும் சென்று காணல் வேண்டுமா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். சிலர் இதனை ஓய்வுடையார்க்குரிய பொழுதுபோக்கு என்பர். யாம் அதனைக் கடன் என்போம். அதுவும் தவணையுள்ள கடன் என்போம். இங்ஙனம் யாம் துணிதற்குக் காரணம் யாம் வாழும் வியாசர்பாடியே.

பேசின் பாலத்திற்கும் பெரம்பூருக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டிக் கிடக்கும் இவ்வூரை நம் கல்லூரி அன்பருட் பலர் இரயிலின் சாளரத்து வழியாகவே கண்டிருப்பர். பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்படுமளவும் அதன் சங்கொலி கேட்டுக் கண்விழித்த குடும்பங்கள் இங்குப் பல. கால்பந்தாட்டத்தில் பெயர்பெற்ற இளைஞர் இன்றும் இங்குப் பலர். இவையெல்லாம் பலர் அறிந்தன. ஊர்விட்டு வந்தோர் ஊராகவும் இது விளங்குதல் சிலரே அறிந்தது. இங்குள்ள பக்தவத்சலம் காலனி முதலிய குடியிருப்புகளில் பர்மாவிலிருந்து மீண்ட தமிழர் வாழ்கின்றனர். பழைய ஊரைக் காணவொண்ணாமை யாதென அறிய விரும்புவார் இவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.

பர்மாவில் வாழ்ந்த தமிழர் ஓரிரு நாள் தங்கச் சென்ற விருந்தினர் அல்லர். 1852-ஆம் ஆண்டுப் போரின்பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் நெல்வயலாகத் திருத்தப்பட்டது. அறுவடைக்கும், அரிசி ஆலைக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமத்தற்கும் ஆட்கள் வேண்டப்பட, சென்னை மாகாணத்தினின்று கப்பல் கப்பலாகத் தொழிலாளர் சென்றனர். நகரத்தார் அங்கே கடைவைத்துக் கடன்கொடுத்து வாங்கினர். தமிழர் கட்டிய கோயில்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் இரங்கூனிலும் மோல்மேனிலும் எழுந்தன. 1942-ஆம் ஆண்டில் யப்பானியர் படை புகுந்தகாலை, இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே அசாமும் மணிப்பூரும் நோக்கி நடந்தனர். வழியில் மாண்டார் பல்லாயிரவர். போர் ஓய்ந்தபின் அவருட் பலர் மீண்டும் பர்மாவுக்கே சென்றனர் என்பது கருதத்தக்கது. அத்துணைத் துயருற்ற பின்னரும் ஏன் சென்றனர்? வீடும் கடையும் அங்கிருந்தன. அண்டை வீட்டாரும் அங்கேயே இருந்தனர்.

1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் படைத்தலைவர் நீ வின் அந்நாட்டு ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே திங்களில் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. காலையில் செல்வராயிருந்தார் மாலையில் கையறுநிலை எய்தினர். ஈட்டிய பொன்னையும் பொருளையும் உடன்கொண்டு போதற்கும் இசைவில்லை. ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட தமிழர் கப்பலேறித் தமிழகம் வந்தனர். அவருட் பலர் அதற்குமுன் தமிழ்நாட்டைக் கண்டறியாதவர். ஊருக்குத் திரும்பினர் என்று அரசு ஏடுகள் அவர்களைக் குறித்தன. அவர்களோ தம் ஊரை விட்டு வந்ததாகவே உணர்ந்தனர். 1969-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே அவர்கள் பிழைப்புக்கென எழுந்ததே பர்மா பஜார். அத்தோவும் மொய்ங்காவும் இன்று நம் மாணவர் மாலைவேளையில் விரும்பியுண்ணும் சிற்றுண்டிகள். அவை முதலில் ஊர்நினைவால் சமைக்கப்பட்ட உணவுகள் என்பதை உண்பாருட் சிலரே எண்ணுவர்.

வந்தவருட் சிலர்க்கு இங்கு மனம் ஒன்றவில்லை. அவர் நிலவழியாகவே திரும்பிச் செல்லத் துணிந்து, மணிப்பூரின் எல்லை வரையில் சென்றனர். பர்மியக் காவலர் உள்ளே விடவில்லை. முன்னே செல்லவும் வழியின்றி, பின்னே மீளவும் பொருளின்றி, இம்பாலினின்று ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோரே என்னும் எல்லையூரிலேயே அவர் தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச் சங்கம் நிறுவினர். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்தனர். பழைய ஊரின் வாயிலருகே காத்துநின்ற இடமே அவர்க்குப் புதிய ஊராயிற்று. பழம்பதியின்மேல் மாந்தர்க்குள்ள பற்று எத்தகையதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பல்லாண்டுகட்குப்பின், 2011-ஆம் ஆண்டு தொடங்கி அந்நாட்டில் கட்டுப்பாடுகள் சிறிது தளர்ந்தன. 2018 ஆகஸ்டில் மோரேக்கும் தமுவுக்கும் இடைப்பட்ட எல்லைவாயில், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் உடைய பயணிகட்குத் திறக்கப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றால் அது அடைபட்டது. 2021 பிப்ரவரி முதல்நாளன்று படையினர் மீண்டும் ஆட்சியைப் பற்ற, உள்நாட்டுப் போர் மூண்டது. 2023 மே திங்களில் மணிப்பூரிலும் கலகம் எழ, மோரேயில் வீடுகள் தீக்கிரையாயின. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலமே கதவு திறந்திருந்தது. அப்பத்தாண்டில் சென்றோர் கண்டனர்; அடுத்த ஆண்டு செல்வோம் என்றிருந்தோர் காணாராயினர். தவணையுள்ள கடன் என்று யாம் கூறியது இதனாலேயே.

நிற்க. இக்கொள்கைக்கு மாறாகச் சொல்லப்படும் தடைகள் மூன்று.

உண்மை நட்பு உள்ளத்தில் நிற்பது, நேரிற் காணுதலை வேண்டாதது என்பது முதல் தடை. இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுவர். உறையூரிலிருந்த மன்னனும் பாண்டிநாட்டுப் புலவரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர் என்பது மெய். ஆயினும் அவ்வரலாறு அவ்வளவில் முடியவில்லை. சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் வருவார் என்று கூறி அவர்க்கும் இடம் ஒதுக்கச் செய்தான். அவன் சொன்னவாறே அவரும் வந்து சேர்ந்தார். வாராதிருந்தால் அந்நட்பை இன்று யார் பாடுவர்? காணாமலே வளர்ந்த நட்பும் காண்டற்குரிய வேளையில் கால்நடையாக வந்தது. நம் எதிர்வாதிகள் காட்டும் சான்று நம் பக்கமே பேசுகின்றது.

கைப்பேசியில் முகம் காணலாமே, பயணம் எதற்கு என்பது இரண்டாம் தடை. கைப்பேசியின் பயனை யாம் மறுக்கவில்லை. ஆனால் அதில் நாம் காண்பது நண்பர் காட்ட விரும்பும் முகமே. அவர் வீட்டுக் கூரை ஒழுகுவதையும், அவர் தாயார் கட்டிலோடு கிடப்பதையும், அவர் பேச்சுக்கிடையே வாசற்பக்கம் நோக்கிக் கடன்காரனுக்கு அஞ்சுவதையும் நேரிற் சென்றார் அன்றிப் பிறர் அறியார்.

மூன்றாம் தடை வலியது. பழைய ஊர் இப்போது இல்லை. சென்றால் ஏமாற்றமே மிஞ்சும் என்பர். இரங்கூன் 1989-ஆம் ஆண்டு முதல் யாங்கோன் என்றே வழங்கப்படுகின்றது. தமிழர் நன்கறிந்த மொகல் தெரு ஷ்வேபொந்தா தெரு ஆயிற்று. கதவு திறந்திருந்த காலத்திற் சென்றுவந்த எம் தெரு மூதாட்டியார் ஒருவர், தாம் பிறந்த வீடிருந்த இடத்தில் கைப்பேசிக் கடையைக் கண்டதாகக் கூறினார். ஆனால் அடுத்த வீட்டுப் பர்மியப் பெண்மணி, இவர் தம் தாயாரின் பெயரைச் சொன்னவுடனே அறிந்துகொண்டாராம். இருவர்க்கும் பேச மொழி வரவில்லை. கையைப் பற்றியவாறே நெடுநேரம் இருந்தனராம். மறந்துபோன பர்மிய மொழி பின்னர் ஒவ்வொரு சொல்லாக மீண்டதாம். இதனைச் சொல்லுங்கால் அம்மூதாட்டியார் வீட்டைக் குறித்து வருந்தியதாக எமக்குத் தோன்றவில்லை. ஊர் என்பது கல்லும் சுண்ணமும் மட்டும் அன்று. நம்மை நம் பெற்றோரின் பெயரால் அறிந்தவர் உள்ளளவும் அது நம் ஊரே. அவர் மறைந்தபின் செல்வார்க்கே ஏமாற்றம்.

கொரியா நாட்டில் 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த போரால் பிரிந்த குடும்பத்தார், 2000-ஆம் ஆண்டிற்குப்பின் சிற்சில முறை எல்லை கடந்து சந்திக்க விடப்பட்டனர். தென்கொரியாவில் மட்டும் அதற்கெனப் பெயர் பதிந்து காத்திருந்தோர் 1,30,000-க்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் உறவினரைக் காணாமலே இறந்தொழிந்தனர். கண்டவர்க்கும் கிடைத்தவை சில நாட்களே. 2018-க்குப்பின் அதுவும் நின்றது. இத்தகையோர் ஒருமுறை காண்டற்கு ஏங்கும் உலகில், இரயிற் சீட்டு ஒன்றினாற் காணத்தக்க நண்பரை ஆண்டுக்கணக்காகக் காணாதிருத்தல் தகுமோ?

இனி, நம்மைப் பற்றிச் சிறிது கூறுவோம். வியாசர்பாடிக்கு வந்தோர் உளர். வியாசர்பாடியை விட்டுச் சென்றோரும் உளர். கல்வியால் உயர்ந்து அண்ணாநகரிலும் வேளச்சேரியிலும், பெங்களூரிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்வோர் ஒருசாரார். சென்னையின் கால்வாய்க்கரையிலும் ஆற்றங்கரையிலும் இருந்த குடிசைகள் அகற்றப்பட, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் பெயர்க்கப்பட்டோர் மற்றொரு சாரார். பின்னவர் தம் பழைய தெருவை மறக்கவில்லை. வேலைக்கும், திருவிழாவிற்கும், சாவு வீட்டிற்கும் இரண்டு பேருந்து மாறியேனும் வருகின்றனர். அவர்க்கு யாம் அறிவுரை கூற வேண்டுவதில்லை; மக்களைப் பெயர்த்துக் குடியமர்த்துங்கால், வீட்டின் அளவைக் கணக்கிடுவது போலவே உறவின் தொலைவையும் கணக்கிடல் வேண்டுமென்று ஆட்சியாளர்க்கே கூறவேண்டும்.

முன்னவர் திறத்திலேயே எம் குறை. அவருட் சிலர், தம் ஊர் யாதென வினவப்பட்டால், ‘பெரம்பூர்ப் பக்கம்’ என்று விடையிறுப்பதைப் பன்முறை கேட்டிருக்கின்றோம். திரைப்படங்களும் செய்தித்தாள்களும் வியாசர்பாடி என்னும் பெயரோடு கத்தியையும் குருதியையும் இணைத்துக் காட்டியமையே காரணம் என்பர். காரணம் மெய்யாகலாம். ஆனால் நல்லோர் ஊர்ப்பெயரை மறைக்க, தீயோரே அப்பெயரைச் சுமந்து திரிந்தால், அப்பழி யாங்ஙனம் நீங்கும்? பர்மாத் தமிழர்க்குக் காவலர் தடை செய்தனர். நமக்கோ எல்லைக்காவலர் எவருமில்லை. தாம்பரத்தினின்றும் இரண்டு மணி நேரத்திற்குள் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கிவிடலாம். தடுப்பன நாணமும் சோம்பலுமே.

வெறுங்கையராய்ச் செல்ல அஞ்சுவாரும் உளர். நகரில் நினைத்தவாறு உயராதவர், ஊரார் என் சொல்வரோ என்று ஒதுங்குகின்றனர். அவர்க்கு நகோமியின் வரலாறு ஆறுதலாகும். மோவாபில் பத்தாண்டு வாழ்ந்து, கணவனையும் மைந்தரையும் இழந்து, வெறுமையாய் அவள் மீண்டபோது பெத்லகேம் ஊரார் யாவரும் திரண்டனர். அவள் கொண்டுவந்தது யாதென ஒருவரும் கேட்டிலர்.

செல்லும் முறையும் ஒன்றுண்டு. வண்டியை நிறுத்தாமலே தெருவைச் சுற்றிப் படம்பிடித்து மீள்வது ஊர் காண்டல் ஆகாது. பரிசிலளிக்கும் வள்ளலாகச் சென்று பழைய தோழரை இரவலராக்குதலும் தகாது. உதவ வல்லார் உதவுக. ஆயினும் அது வருகைக்கு ஈடாகாது. ஒரு பகல் முழுதும் தங்குதல் வேண்டும். எழுத்தறிவித்த ஆசிரியரையும் முதியோரையும் முதலிற் காணல் வேண்டும். நம் பெருமையைக் கூறுதலினும் அவர் செய்தியைக் கேட்டல் மிகுதியாதல் வேண்டும்.

பழைய மாணவராகிய பெரியீர்! ஆண்டுதோறும் நீவிர் இக்கல்லூரிக்கு வந்து பழைய வகுப்பறைகளைக் கண்டு மகிழ்கின்றீர்கள். அம்மகிழ்ச்சியை உங்களை இங்கு அனுப்பிவைத்த தெருக்களுக்கும் பகிர்ந்தளியுங்கள். உடன்பயிலும் நண்பர்காள்! வரும் விடுமுறையில் நீங்கள் விட்டுவந்த ஊருக்கு ஒருநாளேனும் செல்லுங்கள். நம் தமிழ்ச் சங்கத்தாரையும் ஒன்று வேண்டுகின்றோம். 1964-ஆம் ஆண்டில் பதினைந்து வயதினராய்க் கப்பலேறியோர் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். தம் பழம்பதியைக் காணும் வழி அவர்க்கு இப்போது அடைபட்டுளது. சங்கத்தார் வியாசர்பாடிக்கு வந்து, அவர் நினைவிலுள்ள தெருக்களையும் பள்ளிகளையும் நண்பரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி வைப்பாராக. ஊருக்குச் செல்லவியலாத அம்முதியோரை நாடி, கேட்பாரேனும் செல்லட்டும். இதற்கும் தவணை உண்டு, அது நெருங்கிவிட்டது.