குளோவருக்கும் பசி உண்டு

இயற்கை வேளாண்மை ஆர்வலர்களிடம் குளிர்காலக் கோதுமையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு சூத்திரம் வந்து விழும். பயறு இனத் தீவனச் செடியான வெள்ளைக் குளோவரை ஒருமுறை விதைத்து நிலத்தை மூடிவிட்டால் போதுமாம். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கோதுமைக்கு ஊட்டும், களையை அடக்கும், எந்த ரகத்தைப் போட்டாலும் விளையும். ஜப்பானின் இயற்கை உழவர் மசானபு ஃபுகோகா செய்து காட்டியதுதானே என்று முத்திரையும் குத்திவிடுவார்கள். பயிரோடு உயிருடன் நின்று நிலத்தை மூடும் இத்தகைய உயிர்மூடாக்கின் மீது எனக்கு மரியாதை உண்டு. இந்தச் சூத்திரத்தின் மீது இல்லை.

முதலில் தழைச்சத்து. குளோவரின் வேர்முடிச்சுகளில் சேர்வது குளோவரின் சொந்தச் செலவுக்கு. உயிரோடு நிற்கும் செடியிலிருந்து பக்கத்துப் பயிருக்குக் கசிவது சொற்பம். இலை உதிர்ந்து, வேர் மட்கி, அல்லது ஆடு மேய்ந்து புழுக்கையாகப் போட்ட பிறகே பெரும்பங்கு மண்ணுக்கு வரும். நம் ஊரில் தக்கைப்பூண்டை நிற்கவிட்டு அதனிடையே யாரும் நெல் நடுவதில்லை. மடக்கி உழுதுவிட்டுத்தான் நடவு. குளோவர் என்றதும் இந்தப் பழைய அறிவு ஏனோ மறந்துபோகிறது. போதாததற்கு, மண்ணில் நைட்ரேட் கிடைத்தால் குளோவர் அதையும் உறிஞ்சிக்கொண்டு, காற்றிலிருந்து பிடிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

பருவக் கணக்கும் உதைக்கிறது. இங்கிலாந்தில் அக்டோபர் வாக்கில் விதைத்த கோதுமை தூர் கட்டி முடித்து, ஏப்ரலில் தண்டு நீளும்போதுதான் தழைச்சத்தைக் கேட்கும். மண் அப்போதும் குளிர்ந்து கிடக்கும். மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாக இருக்கும். குளோவர் தாராளம் காட்டும் கோடைக்குள் எத்தனை கதிர் என்பது முடிவாகிவிடும். பிந்தி வரும் சத்து மணியின் புரதத்துக்கு உதவலாம். போன கதிர் திரும்பாது. மணி பால் பிடிக்கும் நேரத்தில் மழை பொய்த்தால், மேல்மண் ஈரத்துக்கும் குளோவர் போட்டிக்கு நிற்கும்.

களை? அகன்ற இலைக் களைகளின் நாற்றுகளை அது நன்றாகவே அமுக்குகிறது, மறுக்கவில்லை. புல்வகைக் களைகள் வேறு ரகம். குளோவர் விட்டுக்கொடுக்கும் சத்தைத் தின்று கொழுக்கும். கோதுமையும் புல்லினமே என்பதால் பயிரைத் தொடாமல் அவற்றை மட்டும் எடுப்பதும் கடினம்.

ஃபுகோகா பெயரைச் சொல்பவர்கள் அவர் வயலின் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ஷிகோகு தீவில், ஜூன் மழைக்காலத்தில் வயலில் சில நாள் தண்ணீர் கட்டி, குளோவரை வாட்டி, நெல்லுக்கு வழிவிட்டார் அவர். ‘எதுவும் செய்யாத வேளாண்மை’ என்று அவர் அழைத்த முறையில் இது கணிசமான செயல். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை பெறும் கிழக்கு இங்கிலாந்தின் மேட்டு நிலத்தில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே ஆடு மேய்க்க வேண்டும், வெட்ட வேண்டும், அல்லது டேனிஷ் ஆய்வாளர்கள் செய்ததுபோல் குளோவரைக் கீறிப் பட்டை பட்டையாக இடம் ஒதுக்கி விதைக்க வேண்டும்.

எந்த ரகமும் சரிதான் என்பது மிகப் பலவீனமான கூற்று. இன்றைய குட்டைக் கோதுமைகள் பலவற்றின் மூதாதை நோரின் 10. ஃபுகோகாவின் ஜப்பானிலிருந்தே 1946இல் அமெரிக்கா போனது. உரம் கொட்டினாலும் சாயாமல் நிற்பதற்காக அந்த வழியில் வளர்த்த பயிர், தழைத்து நிற்கும் குளோவரோடு மல்லுக்கட்டப் பிறந்ததில்லை. 1964இல் வந்த மாரிஸ் விட்ஜன் போன்ற நெடிய ரகங்கள் நிழல் விரித்துக் குளோவரை அடக்கும். பிரான்சில் வேளாண் அறிஞர் மார்க் போன்ஃபில்ஸ் ஃபுகோகாவின் முறையைத் தழுவியபோது விதைப்பையே கோடைத் தொடக்கத்துக்கு நகர்த்தி, நீண்ட வயதுள்ள பழைய ரகங்களை அகல இடைவெளியில் போட்டார். குளோவரிலும் ரகம் பார்க்க வேண்டும்: தரையோடு படரும் சின்ன இலை வகைகளே இதற்கு ஏற்றவை.

உண்மையான லாபங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. மழைத்துளி தெறித்துக் கீழிலையிலிருந்து மேலேறும் செப்டோரியா இலைப்புள்ளி நோயைக் குளோவர் விரிப்பு தடுக்கிறது. அசுவினி குறைகிறது, மண்புழு பெருகுகிறது. அதே ஈர நிழல் ஓடில்லாத நத்தைக்கும் விருந்து. விதைத்த மணியையே குடைந்துவிடும். 1990களில் இங்கிலாந்தின் மேய்ச்சல் ஆய்வாளர்கள் இந்தக் கூட்டுப்பயிரை மணி முற்றும்வரை வைக்காமல், கதிர், தண்டு, குளோவர் மூன்றையும் சேர்த்தறுத்து மாட்டுக்கான சைலேஜாகவும் (புளிக்கவைத்த பசுந்தீவனம்) சோதித்துப் பார்த்தார்கள். மாடு வைத்திருப்பவருக்குக் குளோவர் தின்ற பங்கும் தீவனமாகத் திரும்பிவிடும். மணியை மட்டும் விற்பவருக்கு அது நஷ்டக் கணக்கு.