மகளுக்கு நேர்ந்ததைப் பேசி முடிக்க யாருக்கு உரிமை?

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 17 வயது மாணவி ஐன் ஹுஸ்னிசா டிக் டாக்கில் ஒரு காணொளியை வெளியிட்டார். உடற்கல்வி வகுப்பில் ஆசிரியர் ஒருவர் பாலியல் வன்கொடுமையைக் கேலிப் பேச்சாக்கினார் என்பது அவரது புகார். அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் மாணவிகள் தங்கள் பள்ளிகளில் நடந்தவற்றை எழுதத் தொடங்கினர். ஆனால் அந்த மாணவிக்குக் கிடைத்தது என்ன? சக மாணவனிடமிருந்து வன்கொடுமை மிரட்டல். பள்ளிக்கு வரவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம். போலீஸ் அவரையும் அழைத்து விசாரித்தது. அத்தனைக்கும் நடுவே அவருடைய தந்தை ஊடகங்களின் முன் மகளுக்குத் துணையாக நின்றார்.

அந்தத் தந்தையின் இடத்தில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரை வைத்துப் பார்ப்போம். அவர் குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மகளைத் தொட்டவன் மண்டோராகவோ, கிராணியாகவோ, மனைவி வழிச் சொந்தமாகவோ இருக்கலாம். இத்தகைய குற்றங்களில் செய்தவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் இல்லை. வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவன்தான். லயத்தில் ஒரு பாத்திரம் உருண்டாலே நாலாவது வீட்டுக்குக் கேட்கும். விஷயம் பரவும் முன்னே பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். “பொம்பளப் பிள்ள பேரு கெட்டுப் போயிரும், பேசி முடிச்சுக்கலாம்” என்பார்கள். மன்னிப்பு, கொஞ்சம் பணம், அவன் வேறு தோட்டத்துக்கு மாறிப் போவது. இதுதான் நாம் காலங்காலமாகப் பார்த்து வந்த தீர்ப்பு. அங்கே கூடியிருக்கும் யாரும் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அப்படிப் பேசி முடிக்க அந்தப் பெரியவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2017ஆம் ஆண்டு ஜூலையில் நடப்புக்கு வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. சமரசம் பேச வந்தவர், கோயில் தலைவர், ஆசிரியர் எவருக்கும் இது பொருந்தும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பாலியல் நோக்கத்துடன் தொட்டால் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. தொடாமல், ஆபாசமாகப் பேசினாலும் சைகை காட்டினாலும் 10 ஆண்டு வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். செய்தவன் உறவினரோ ஆசிரியரோ போல நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவன் என்றால் அதற்கும் மேலே ஐந்தாண்டு வரை கூடும்.

“சாட்சி இல்லையே” என்பது அடுத்த வாதம். சாட்சி வைத்துக்கொண்டா இதைச் செய்வார்கள்? வேறு ஆதரவுச் சாட்சி இல்லாமல், பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டுமே நம்பியும் நீதிமன்றம் தண்டிக்கலாம் என்று அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது.

சட்டம் இப்படி இருந்தும் வழக்குகள் தொடக்கத்திலேயே நிற்பதற்குப் பெரிய காரணம், முதல் ஓரிரு நாட்களில் வீட்டில் நடப்பது. மகள் அழுதுகொண்டே சொன்னதும் தாய் அவளைக் குளிக்க வைக்கிறார், உடுப்பைத் துவைத்துப் போடுகிறார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் தடயம் அதோடு போய்விடுகிறது. உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். ரிங்லெட்டிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம். போலீஸ் புகார் எண் கையில் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று தயங்க வேண்டாம். கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியவை. அந்த நேரம் கடந்திருந்தாலும், மாதங்களே ஆகியிருந்தாலும், சிகிச்சைக்கும் புகாருக்கும் வழி இருக்கிறது.

இன்னொன்று, கேள்விகள். “நீ ஏன் அங்க போன? ஏன் அப்பவே சொல்லல?” அப்பாவின் வாயிலிருந்து இது வந்துவிட்டால் பிள்ளை அடுத்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டாள். பிறகு அத்தை ஒரு தடவை, மாமா ஒரு தடவை, தலைமையாசிரியர் ஒரு தடவை என்று அதையே சொல்ல வைக்கிறோம். போலீசில் பெண்கள், சிறார் வழக்குகளுக்கென டி11 என்ற பிரிவு இருக்கிறது. அதற்கென உள்ள நேர்காணல் மையங்களில் பிள்ளை சொல்வதைக் காணொளியாகப் பதிவு செய்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் சிறார் சாட்சிச் சட்டப்படி அதை நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியும். குற்றவாளியின் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் இருந்து சாட்சி சொல்லவும் முடியும். “நீ சொல்றத நான் நம்புறேன், தப்பு உன் மேல இல்ல” என்று சொல்லிவிட்டு, விசாரணையை விசாரிக்க வேண்டியவர்களிடம் விடுவது நல்லது.

பெயர் கெடும் என்ற பயம் உண்மையானது, அதைக் கேலி செய்ய மாட்டேன். சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு 2024 டிசம்பரில் நடந்ததைத் தமிழ்த் தொலைக்காட்சிகளில் நாமும் பார்த்தோம். அவர் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடுவதுபோல் அறிக்கை எழுதப்பட்டதையும் கண்டித்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டு வெளிவர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் நாட்டிலும் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி போன்ற அடையாளங்களை ஊடகம் வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. தோட்டத்து வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பிள்ளையின் ஆபாசக் காணொளியை “பாருங்க” என்று தள்ளிவிடுபவருக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறை உண்டு. கைப்பேசியில் வைத்திருப்பதே குற்றம். பேரைக் கெடுப்பது யார் என்று அந்தக் குழுவில் இருப்பவர்கள் யோசிக்கட்டும்.

வேலையும் வீடும் போய்விடுமோ என்ற பயம் இதைவிடக் கனமானது. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. புகார் கொடுத்ததால் நியாயமின்றி வேலை நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிடலாம். அந்தக் கெடு தாண்டிவிட்டால் முறையீட்டை ஏற்க மாட்டார்கள், ஆகவே தேதியைக் குறித்து வையுங்கள். சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் முதல் நாளே தெரிவித்து விடுங்கள்.

புகார் கொடுத்த பிறகும் பல வீடுகளில் தண்டனை பிள்ளைக்குத்தான். படிப்பை நிறுத்துகிறோம், கைப்பேசியைப் பிடுங்குகிறோம், பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். அவன் வழக்கம்போல் சாயங்காலம் கடை வாசலில் நிற்கிறான். பிள்ளை பள்ளிப் பேருந்தில் ஏற மறுத்தால், இரவில் விளக்கை அணைக்க விடாமல் இருந்தால், சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். அரசாங்க மருத்துவமனை மூலமாக ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணில் அழைக்கலாம். இந்த எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும், தமிழ்ப்பள்ளி வாசலிலும், தோட்டத்துக் கடையிலும் எழுதி ஒட்ட ஒரு தாள் போதும். அடுத்த நிர்வாகக் கூட்டம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.