பிடரியில் பிறக்கும் தலைவலி

கோவில்பட்டி செண்பகவல்லியம்மனை வணங்க வரும் தாய்மார்களில், தீப்பெட்டித் தொழிலில் நாள் முழுதும் தலை குனிந்திருப்போர் உண்டு. அவர்கள் தைலம் பூசுவதோ நெற்றியில். நோவு பிடரியில் பிறந்ததாக இருக்கலாம். மேல் கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் உள்ளே ஓரிடத்தில் கூடுவதே காரணம்.

மருத்துவர் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தை முன்புறம் நன்கு மடக்கி, இருபுறமும் மெல்லத் திருப்பிப் பார்ப்பார். நலமான கழுத்து ஏறத்தாழ 44 பாகை திரும்பும். மூட்டு இறுகியிருந்தால் ஒரு பக்கம் 10 பாகைக்கு மேல் குறையும். ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து நோகுமாதலால், தொட்டால் வலிப்பது மட்டும் சான்றாகாது.

வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டா. கழுத்தில் சொடுக்கெடுப்பது கூடவே கூடாது. காய்ச்சலும் தலைவலியுமாய்க் கழுத்து விறைத்து, முகவாய் மார்பைத் தொட மறுத்தால் மூளையுறை அழற்சியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.