நூலகத்துக்கு இடப்பட்ட வாய்ப்பூட்டு

ஒரு குடிமகன் எந்த நூலை இரவல் பெற்றான் என்பதை அறிந்துகொள்ளும் உரிமை அரசுக்கு உண்டா? அமெரிக்காவில் 2001 அக்டோபர் 26 அன்று 'பேட்ரியாட்' சட்டம் கையெழுத்தானதற்குப் பின்னர் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர்கள் நூலகர்களே. அச்சட்டத்தின் 215ஆம் பிரிவு, பயங்கரவாத விசாரணைக்கெனப் புத்தகம், பதிவேடு, ஆவணம் என எப்பொருளையும் இரகசிய நீதிமன்றத்தின் ஆணையுடன் எஃப்.பி.ஐ. பெற வழிசெய்தது. ஆணை பெற்றவர் அதைப் பற்றி வெளியில் பேசலாகாது. அன்றைய சட்ட வாசகத்தில் 'நூலகம்' என்ற சொல் இல்லை. 'புத்தகங்கள்' என்ற சொல் இருந்தது. நூலகர்களின் அச்சத்துக்கு அது போதுமானதாயிற்று.

அவ்வச்சம் வரலாறு அறியாதார் அச்சமன்று. பனிப்போர்க் காலத்தில், சோவியத் ஒற்றர்களைத் தேடுவதாகச் சொல்லி, நூலகங்களை யார் பயன்படுத்துகிறார்கள் என எஃப்.பி.ஐ. விசாரித்து வந்தது 1987இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் வெளிப்பட்டிருந்தது. ஆயினும் 2003இல் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் நூலகர்களின் கவலையை ஆதாரமற்ற பதற்றம் என எள்ளினார். 215ஆம் பிரிவு அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை என்றும் அறிவித்தார். அந்தப் பூஜ்யம் எத்தனை காலம் நீடித்தது? இதே பிரிவைக் காட்டிக் கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்கள் மொத்தமாகத் திரட்டப்பட்டதை 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. சட்டத்தின் சொற்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சரியாகக் கணித்தவர்கள் நூலகர்கள்தாம்.

கனெடிகட் மாநிலத்தில் நிகழ்ந்தது நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது. பல நூலகங்களின் கணினிச் சேவையைக் கவனித்துவந்த 'லைப்ரரி கனெக்‌ஷன்' என்ற கூட்டமைப்புக்கு 2005 ஜூலையில் எஃப்.பி.ஐ. ஒரு 'தேசியப் பாதுகாப்புக் கடித'த்தை அளித்தது. இவ்வகைக் கடிதத்துக்கு நீதிபதியின் கையெழுத்தே வேண்டியதில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று மாலை 4 மணி முதல் 4.45 வரை குறிப்பிட்டதோர் இணைய முகவரியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரங்களை அது கோரியது. ஜார்ஜ் கிறிஸ்டியன், பீட்டர் சேஸ், பார்பரா பெய்லி, ஜேனட் நோசெக் ஆகிய நால்வரும் விவரம் தர மறுத்து வழக்குத் தொடுத்தனர்.

கடிதம் வந்ததைச் சொல்வதே குற்றம் என்பதால், தம் வழக்கு நடந்த நீதிமன்றத்திலேயே அவர்கள் அமர இயலவில்லை. விசாரணை பிரிட்ஜ்போர்ட்டில் நடக்க, ஹார்ட்ஃபோர்டில் ஓர் அறையிலிருந்து தொலைக்காட்சித் திரையில் அதைப் பார்த்தனர். வாய்ப்பூட்டு அரசியல் சாசனத்துக்கு முரணானது என நீதிபதி ஜேனட் ஹால் 2005 செப்டம்பரில் கருதிய பின்னரும், அரசின் மேல்முறையீட்டால் மௌனம் தொடர்ந்தது. அம்மாதங்களில்தான் நாடாளுமன்றம் பேட்ரியாட் சட்டத்தை நீட்டிப்பதா என விவாதித்துக்கொண்டிருந்தது. நூலகங்களுக்கு நேர்வதென்ன என்று நேரடியாகச் சொல்லக்கூடியவர்கள் வாய்மூடிக் கிடந்தனர். 2006 மார்ச்சில் சட்டம் நீட்டிக்கப்பட்டது. அதன் பின்னரே அரசு வாய்ப்பூட்டை விலக்கிக்கொண்டது. பிறகு விவரக் கோரிக்கையையும் கைவிட்டது.

எத்தனை பதிவேடுகள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் கண்காணிப்பின் தீமையை அளக்க முடியாது என்று நாம் சொல்வது இதனால்தான். கண்காணிக்கப்படுவதைப் பற்றிப் பேசவே தடை விதிக்கும் அரசு, தன்னைத் திருத்தக்கூடிய மக்களாட்சியின் நாவையே கட்டிவிடுகிறது.

மறுதரப்பின் வாதத்தை நாம் புறக்கணிக்கவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலை நடத்தியோரில் சிலர் பொது நூலகக் கணினிகளைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் நூலகர்கள் விசாரணையே கூடாதென்று சொல்லவில்லை. காரணத்தை ஆராய்ந்து ஒரு நீதிபதி ஆணையிடட்டும் என்பதே அவர்கள் கேட்டது. அந்தச் சிறு தடுப்பு ஏன் தேவை என்பதற்கு டென்வர் நகரின் 'டாட்டர்ட் கவர்' புத்தகக் கடையின் வழக்கு நல்ல சான்று. போதைப்பொருள் தயாரித்த வீடொன்றில், அத்தயாரிப்பு முறையை விளக்கும் இரு நூல்களையும், அருகே அக்கடையின் காலி உறையொன்றையும் காவல்துறை கண்டெடுத்தது. உறையில் வந்தவை அந்நூல்களே என ஐயுற்று, வாங்கியவர் விவரத்தைக் கேட்டது. உரிமையாளர் ஜாய்ஸ் மெஸ்கிஸ் மறுத்தார். 2002இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த உறையில் வந்தது ஜப்பானியக் கையெழுத்துக் கலை பற்றிய நூல் என்று பின்னர் தெரியவந்தது.

வாசிப்பு என்பது ஒப்புதல் அன்று. மறுப்பதற்காகவும் படிக்கிறோம்; வெறுப்பதை அறியவும், வெறும் ஆவலாலும் படிக்கிறோம். நூலின் பெயரைக் கொண்டு வாசகனின் நெஞ்சை அளப்போர், உறையை மட்டும் பார்த்து உள்ளிருப்பதைச் சொன்னவர்களைப் போலவே தவறுவர். அதைவிடப் பெரிய இழப்பு, எவரும் அறியாமல் நிகழ்வது: பார்க்கப்படுகிறோம் என்று அஞ்சும் வாசகன், எடுத்த நூலை ஓசையின்றி அடுக்கில் திருப்பி வைத்துவிடுகிறான். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

215ஆம் பிரிவின் விரிந்த அதிகாரம் 2020 மார்ச்சில் காலாவதியாயிற்று. நீதிபதியின் ஒப்பமின்றி அனுப்பப்படும் தேசியப் பாதுகாப்புக் கடிதமோ இன்றும் சட்டத்தில் நிலைபெற்றிருக்கிறது. நூலகர்கள் கேட்ட அந்த ஒரு கையெழுத்துக்காக வாசகர்களும் குரல் கொடுத்தாக வேண்டும்.