பச்சைச் செடிக்கும் பரீட்சை உண்டு

காலையில் தழைத்து நின்ற உருளைக்கிழங்குச் செடி உச்சி வெயிலில் தலை சாய்கிறது. தண்ணீர்க் குறைவுதான் என்று எண்ணிக் குடியானவன் மடையைத் திறந்துவிடுகிறான். மாலையில் இலைகள் ஒருவாறு நிமிர்கின்றன. சில தினங்களுக்குள், இலை பழுக்குமுன்பே, செடி பச்சையாகவே துவண்டு மாண்டுபோகிறது. கிழங்கை அரிந்தால் உள்ளே பழுப்பு வளையம். அழுத்தினால் வெண்ணிறக் குழம்பு கசிகிறது.

இந்த வாடல் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியாக் கிருமியே என்று 1896-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் எடுத்துக்காட்டினார். அது மண்ணில் கிடந்து, வேரிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, நீரேறும் குழாய்களில் பல்கி அவற்றை அடைத்துவிடுகிறது. காலடியில் ஈரம் இருந்தும் செடி தாகத்தால் சாகிறது! தக்காளி, கத்தரி, புகையிலை ஆகியவற்றையும் இது விடுவதில்லை. நோயுற்ற தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால், சில நிமிஷங்களில் பால் போன்ற இழைகள் இறங்குவதை எவரும் காணலாம்.

மண்ணில் குடிபுகுந்த கிருமியை மருந்திட்டு ஒழிப்பது அரிது. ஆகவே நோயை எதிர்த்து நிற்கும் ரகத்தை நாடுகிறார்கள். தொட்டியில் வளர்த்த இளஞ்செடிகளின் வேரைக் கத்தியால் சிறிது கீறி, கிருமி கலந்த நீரை ஊற்றி, சுமார் 28 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில் வைத்து, நாள்தோறும் வாட்டத்தைக் குறித்து வருவார்கள். பக்கத்தில் எளிதில் நோய் பற்றும் ரகம் ஒன்றும் இருக்கும்; அது வாடாவிட்டால் பரீட்சையே செல்லாது. பின்னர் நோய் கண்ட வயல்கள் பலவற்றிலும் நட்டுப் பார்க்கவேண்டும். ஏனெனில், குளிர்ந்த மலையில் தேறிய செடி வெப்பமான இடத்தில் தோற்பதுண்டு. கிருமியிலும் பல வகைகள் உண்டு.

இதனினும் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. வாடாத செடியெல்லாம் நோயற்ற செடியன்று. ருவாண்டா, புருண்டி முதலிய ஆப்பிரிக்க மலைநாடுகளில் பரவிய 'குரூசா 148' என்னும் ரகத்தைப் பாருங்கள். நோயுள்ள நிலத்திலும் அது பெரும்பாலும் நிமிர்ந்து நின்று விளைச்சல் தரும். ஆனால் அதன் கிழங்கினுள் கிருமி ஓசையின்றி ஒளிந்திருக்கக்கூடும். அத்தகைய கிழங்கை விதைக்காக வாங்கியவன் நோயையும் விலை கொடுத்து வாங்கியவனாகிறான். அதுவரை சுத்தமாயிருந்த அவன் நிலமும் கெடுகிறது.

ஆதலால், செடி தேறிய பிறகு கிழங்கும் தேறவேண்டும். அறுவடையான கிழங்குகளைச் சில வாரம் வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்து அரிந்து பார்ப்பது ஒரு முறை. 1971-இல் பெரு நாட்டு லிமா நகரில் தோன்றிய சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம், சவ்வுத் தாளில் கிழங்குச் சாற்றை இட்டு, நிற மாற்றத்தால் கிருமியை அறியும் எளிய முறையையும் பரப்பியிருக்கிறது.

"எங்கள் ரகம் வாடாது" என்று யாரேனும் விதை விற்க வந்தால், அந்த ஒரு சொல்லோடு திருப்தியடைய வேண்டாம். "கிழங்கைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒரு வயலை மட்டுமன்று, அடுத்து வரும் பல போகங்களையும் காப்பாற்றும்.